தொப்பிக்குள் இருந்த வயது

ஊரில் யுத்தம் முடிந்த அந்த வைகாசி மாதத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது டென்மார்க்கில், பிரெடெரிசியாவில். மேல்வீட்டு அக்கா டிவிக்கு முன்னால் இருந்த இருப்பை விட்டு எழும்பவேயில்லை. ஊரில் இருந்த அவருடைய தம்பி குடும்பம் உயிரோடு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாது. சோறு கொடுத்தால் பிசைந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்.

அக்கா என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. அவருக்குத் தலை முழுக்க நரை. என் தலை கருகரு என்றிருக்கும், கடையில் வாங்கிய கறுப்புத்தான். குடிவந்த அன்றே என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அவருக்கு முரல் மீன் என்றால் உயிர். வைகாசியில் இங்கும் முரல் வரும், ஊரில் போலவே பச்சை முள்ளோடு. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தால் ஒரு வாய் சாப்பிடுவார் என்று நினைத்து, மகனின் தூண்டிலையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு, ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பஸ்ஸில் போனேன். நான் அதிகம் படிக்காதவள். ஆனால் தூண்டில் போடுவதில் என்னை ஒருவரும் வெல்ல முடியாது.

இரண்டு முரல் வாளிக்குள் விழுந்த நேரம் மீன்பிடிப் பரிசோதகர் ஒருவர் வந்து அனுமதிச் சீட்டைக் கேட்டார். சீருடையைக் கண்டதும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தங்கச்சி, தண்டம் எழுதப் போறான். மீனைக் குடுத்திட்டுப் போவம்."

"சும்மா இருங்கோ அக்கா. ஆத்துக்குத்தான் சீட்டு. இது கடல்."

தண்ணீரில் விரலை நனைத்து நக்கிக் காட்டினேன். அந்த மனிதரும் பாவம், குனிந்து நக்கிப் பார்த்தார்! உப்புத்தான் என்று தலையாட்டிவிட்டு ஏதோ சொன்னார். டேனிஷ் தெரிந்த அக்கா மொழிபெயர்த்தார்.

"கடல் ஏறி வாற இடமெண்டதாலை ஆத்துச் சீட்டு வேண்டாமாம். ஆனா கடலுக்கும் அரசாங்கச் சீட்டு வேணுமாம். அறுபத்தைஞ்சு தாண்டின ஆக்களுக்கு மட்டும் தேவையில்லையாம். எனக்கே அறுபத்திமூண்டு, உனக்கு எங்கை?"

வாளியைப் பார்த்தேன். அது போனால் அக்கா இன்றும் பட்டினி. எனக்குத் தெரிந்த டேனிஷில் மெதுவாக வயதைச் சொன்னேன். காற்றில் பரிசோதகருக்குக் கேட்கவில்லை, காதில் கையை வைத்தார். கத்தினேன்: "அறுபத்தேழு!"

கடற்காற்றுக்கு நான் போட்டிருந்த தொப்பிக்கு வெளியே தெரிந்த கறுப்பு முடியைப் பார்த்துச் சிரித்தார், நம்பவில்லை. வேறு வழியில்லாமல் கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். சண்டை உக்கிரமான நாளிலிருந்து தலைக்குச் சாயம் பூச யாருக்கு மனம் வந்தது? உச்சி முழுக்க வெள்ளை. அவர் தொப்பியை என் கையிலிருந்து வாங்கி, தானே என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"எடியேய்! அறுபத்தேழோ? இவ்வளவு காலமும் அக்கா, அக்கா எண்டு என்னையெல்லோ கிழவியாக்கிப்போட்டாய்!"

"மெதுவா அக்கா, மீன் ஓடிடும்."

"இன்னும் என்னடி அக்கா?"

அக்கா புல்லில் குந்தியிருந்து சிரித்தார், சிரித்துச் சிரித்து அழுதார். அன்று சொதிக்கு இரண்டாம் தரமும் சோறு கேட்டார். தம்பி முகாமில் இருக்கிறார் என்ற செய்தி பிறகுதான் வந்தது.

இப்போது கோயிலில் எல்லாருக்கும் முன்னால் அவர்தான் என்னை "அக்கா!" என்று பெரிதாகக் கூப்பிடுகிறார். கொஞ்சம் சுடத்தான் செய்கிறது; ஆனாலும் அந்த வயது ஒருத்தியை ஒரு பிடி சோறு சாப்பிட வைத்தது என்று நினைத்தால், இன்னும் இரண்டு கூட்டிச் சொல்லவும் எனக்குச் சம்மதம்தான்.