கொள்ளிடம் பாலத்தில் ஒரு ஜெபம்

லால்குடி போகும் ரயில் ஸ்ரீரங்கத்தில் நிற்கிறது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் ஏறி, எதிர் சீட்டில் காலை நீட்டிப் படுக்கிறார். எங்கள் சபைக் குடும்பம்தான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம்.

"பாஸ்டர் ஐயா, அப்பாவுக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க" என்கிறாள் மகள்.

பெரியவர் ஒற்றைக் கண்ணைத் திறக்கிறார். "பண்ணட்டும். அளவு எடுத்துடப் போறாரு, பாத்துக்க."

"சும்மா இருங்கப்பா!"

சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும் நான், மற்ற நாட்களில் பாலக்கரையில் சவப்பெட்டிக் கடை நடத்துகிறேன். காணிக்கையில் கைவைக்காமல் ஊழியம் செய்யலாம் என்றுதான் கடையைத் தொடங்கினேன்.

அவர் தலையில் கைவைத்து, கண்ணை மூடுகிறேன். "ஆண்டவரே, இவருடைய ஆயுசைக் கூட்டித் தாரும்." மனதாரத்தான் கேட்கிறேன். ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறி இரைகிறது. குரலை உயர்த்தி ஜெபித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கிறேன்.

"அளந்தாச்சா?" என்கிறார் பெரியவர்.

"சேச்சே, இல்லீங்க."

பொய் சொல்கிறேன். ஐந்தே முக்கால் அடி. அவர் காலை நீட்டியபோதே அளந்தேனா, இல்லை, கண்ணை மூடி அவர் உயிருக்காக மன்றாடிக்கொண்டிருந்தபோதா? எனக்கே தெரியவில்லை.