திருப்பி அனுப்பிய வாசல்

தொண்ணூறுகளில், நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரிலிருந்து ஆக்லாந்து நகருக்குப் போகும் பேருந்தில் அவரைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்துக்காரர். கோடையிலும் கம்பளித் தொப்பி. பேருந்தே காலியாக இருந்தாலும் கதவை ஒட்டித்தான் உட்காருவார்.

யூத மதத்துக்கு மாறப் போவதாக ஒருநாள் சொன்னார். நகரில் யூதர்களின் சீர்திருத்தப் பிரிவுக்கும் பழமைப் பிரிவுக்கும் தனித்தனி ஆலயம் உண்டு. சீர்திருத்தப் பிரிவினர் தேநீர் கொடுத்து, வகுப்புக்கு வரச் சொன்னார்களாம். பழமைப் பிரிவின் மதகுருவோ, மாற வருகிறவரை முதலில் மறுப்பதே வழக்கம் என்று, போகும்போதெல்லாம் திருப்பி அனுப்பினாராம்.

"அப்போ சீர்திருத்தப் பிரிவுதானே?" என்றேன்.

"இல்லை. திருப்பி அனுப்பினவரிட்டத்தான் போறன்."

"ஏங்க, அன்பா கூப்பிட்டவங்களை விட்டுட்டா?"

அவர் பேருந்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊரில, பயமில்லை, கோயிலுக்க வாங்கோ எண்டு ஆமிக்காரர் ஸ்பீக்கரில கூப்பிட்டவங்கள். என்ர தம்பி போனவன், திரும்பி வரேல்லை. போன ஆக்களுக்கு முதல்ல தேத்தண்ணி குடுத்தவங்களாம்."

இப்போதும் என் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால், "உள்ள வாங்க" என்று சொல்ல ஒரு கணம் பயமாக இருக்கிறது.