மண்டபத்தைப் பிடித்து வைத்திருந்தவர்

யாரிடமாவது போய் ஒன்றைக் கேட்பதென்றால் பொன்மணிக்கு வேப்பங்காய். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஊருக்கே கேட்கக் கூவி மீன் விற்கிற அம்மாவுக்கு இப்படியொரு மகள்! ரேஷன் கடையில் பாமாயில் வந்ததா என்றுகூட வாய் திறக்க மாட்டாள். அடையாறில் இணையதளங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை அமைந்தது அவள் நல்ல நேரம். அங்கே பேச்செல்லாம் கம்ப்யூட்டரோடுதான்.

தங்கை கயலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, மாசியில் கிளம்பிவிடுவார். தையில் ஒரே முகூர்த்தம்தான் தோதுப்பட்டது. மண்டபம் பார்க்கும் பொறுப்பு பொன்மணிக்கு. போன் போட்டுக் கேட்பாளா? மயிலாப்பூர் முதல் கொட்டிவாக்கம் வரை மண்டபங்களின் லிங்குகளைத் திரட்டி, கம்ப்யூட்டரில் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கால் மணிக்கொரு தரம் அது ஒவ்வொரு லிங்காகப் போய் அந்தத் தேதியைத் திறக்கும். ‘காலி’ என்றிருந்தால் அவளுக்குத் தகவல் வரும். ஒரு வாரமாகியும் தகவல் வரவில்லை. கயல் சாப்பிடுவதையே குறைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா வடிவேலு போன் செய்தார். “மந்தைவெளி மண்டபத்துல குந்திக்கினு கீறேம்மா. நீயும் வா.”

மண்டபத்து மேனேஜர் கம்ப்யூட்டரைக் காட்டினார். “தேதி யாருக்கும் போகல. எங்க சைட்ல அதை யார் திறந்தாலும் அவங்களுக்காக அரை மணி நேரம் பிடிச்சு வைக்கும். ஒரு வாரமா எவனோ கால் மணிக்கொரு தடவை திறந்துட்டே இருக்கான். பணமும் கட்டல, விடவும் மாட்டேங்கிறான்.”

“எந்தக் கஸ்மாலம் அது? கைல மாட்னான்னா கீது அவனுக்கு!” என்றார் வடிவேலு.

பொன்மணிக்குக் குப்பென்று வியர்த்தது. ‘உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம்’ என்று மண்டபம் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது. அவள் ஸ்கிரிப்டோ ‘காலி’யை மட்டும் தேடிவிட்டு, இல்லையென்று திரும்பியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலுக்குப் போய், போனிலேயே ஸ்கிரிப்டை நிறுத்தினாள்.

அரை மணி கழித்து மேனேஜர் நிமிர்ந்தார். “சார், விட்டுட்டான்!”

வடிவேலு அங்கேயே முன்பணம் கட்டினார். “பாத்தியாம்மா? நீ கம்ப்யூட்டர்ல இன்னாத்த தேடுன? நேர்ல வந்து குந்துனேன், கெட்சிது.”

“ஆமா மாமா.”

“போட்டோக்காரன் ஒருத்தன் வேணும். அத்தயாவது தேடிக் குடு.”

பொன்மணி தேடுவதற்குப் போனை எடுத்தாள், திரும்பப் பைக்குள் போட்டாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். “சார், போட்டோ எடுக்கறவங்க யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா?”

பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் ஒரு போட்டோக்காரர்.