பாத பூஜைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன்

கார் அனுப்புகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். காலையில் போன் செய்து, கார் வேறு வேலையாகப் போய்விட்டது, பஸ்ஸிலேயே வந்துவிடு என்றான். அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. சர்க்கரை வியாதிக்காரி. இடது கால் பெருவிரலில் ஆறாத புண், அதைச் சுற்றிக் கட்டு. அவளை ஆட்டோவில் ஏற்றித் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், விழுப்புரம் பஸ்ஸில் தூக்கி உட்கார வைப்பதற்குள் அடிவயிறு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. என் கர்ப்பப்பை நிஜமாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி, வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார். முன்பும் குறித்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் தம்பி பிள்ளைக்குப் பரீட்சை, அவன் வீட்டில் அம்மாவை விட முடியாது, மறுபடி தள்ளிப்போட்டேன். இந்தத் தடவையும் தள்ளினால் என்னிடம் வராதே என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாதாம். குடத்தை விடுங்கள், அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி, பாத்ரூமுக்கு நடத்தி, குளிப்பாட்டி, திரும்பப் படுக்க வைப்பது யார்? என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரிலேயே இல்லை. அந்த ஒரு மாதம் அம்மாவை வைத்துக்கொள் என்று தம்பியிடம் கேட்டாக வேண்டும். போனில் கேட்டால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவான். நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் அவன் ஓவியக் கண்காட்சிக்கே கிளம்பினேன். மற்றபடி படம் பார்க்கிற தெம்பெல்லாம் எனக்கு ஏது?

தம்பி விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவனும் கூட்டாளிகளும் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, தாயின் தியாகம் என்று பேனர் கட்டி, சுவர் முழுக்க ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். அடுப்பை ஊதுகிற அம்மா, செங்கல் சுமக்கிற அம்மா, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் தண்ணீரைக் குடித்துப் படுக்கிற அம்மா. காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கிற அம்மா ஒருத்திகூட இல்லை. பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்பதில்தான் கண் இருந்தது.

தம்பி வரைந்தது நடுச் சுவரில் இருந்தது. கொல்லி நிலத்தில் அம்மா குனிந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி, பிடுங்குகிறாள், இடுப்பில் தம்பி. நல்ல கதை. எவளாவது பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மல்லாட்டை பிடுங்குவாளா? அம்மா பிடுங்கினாள், வாஸ்தவம். வெயிலில் முதுகு கறுக்கப் பிடுங்கினாள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றது நான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நின்றேன். படத்தில் அந்த வரப்பில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

திறப்பு விழாவில் படம் வரைந்தவர்கள் எல்லோரும் அவரவர் அம்மாவுக்குப் பாத பூஜை செய்வதாக ஏற்பாடு. அம்மாக்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து, காலடியில் பித்தளைத் தாம்பாளம் வைத்திருந்தார்கள். நான் தம்பியைத் தனியே கூப்பிட்டு, அந்தக் காலில் தண்ணீர் படவே கூடாது, பட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார்கள், வலது காலுக்கு மட்டும் செய் என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினான். மைக் பிடித்திருந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டு, கட்டு போட்டோவில் அசிங்கமாகத் தெரியும், ஒற்றைக் காலுக்குப் பூஜை செய்வதும் நல்ல சகுனம் இல்லை என்றான். தம்பி ஒரு நிமிஷம் யோசித்தான். அவ்வளவுதான், உட்கார்ந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான்.

நான் ஓடினேன். அதற்குள் தண்ணீர் ஊற்றி, பாலும் ஊற்றிவிட்டான். மஞ்சள் புண்ணுக்கு நல்லதுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லி அதையும் பூசினான். எத்தனை மாதம் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் காயவைத்த புண். அம்மாவோ அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். அவன் தலையில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உதடு முணுமுணுக்க ஆசீர்வாதம் செய்தாள். என் தலையில் அவள் கை அப்படிப் பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பொறாமைதான் பட்டேன், அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

எல்லாம் முடிந்ததும் அம்மாவை ஓரமாக உட்கார வைத்து, தரையில் உட்கார்ந்து விரலிடுக்கெல்லாம் துடைத்தேன். அம்மாவோடு வெளியே கிளம்பினால் மருந்து, பஞ்சு, மாற்றுப் புடவை எல்லாம் ஒரு பையில் கூடவே வரும். புதுக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி மாலையோடு பக்கத்தில் வந்து நின்றான். இதுதான் சமயம் என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்டா. ஒரு மாசம் அம்மாவ நீதான் வச்சிக்கணும்.”

“இன்னாக்கா, திடீர்னு சொல்ற” என்று போனைப் பார்த்தான். அவன் மனைவியும் வேலைக்குப் போகிறாள், வீடு மாடியில் இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தான். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“அவன ஏம்மா பேஜாரு பண்ற? அவனுக்கு ஆயிரம் வேல. நீ தான் கொஞ்சம் தள்ளி வச்சிக்கயேன்.”

அவனுக்காகத் தன் வயிற்றைக் காயப்போட்டாள், சரி, அது அவள் வயிறு. என் வயிற்றையும் சேர்த்து அவனுக்குக் கொடுக்கச் சொல்லி இவளுக்கு யார் சொன்னது? கத்த வேண்டும் என்றிருந்தது. கத்துவதற்குக்கூட உடம்பில் சக்தி இல்லை.

“இனிமே தள்ள மாட்டேம்மா” என்று மட்டும் சொன்னேன். கட்டை முடிந்து, எழுந்து, பையைத் தம்பி கையில் கொடுத்தேன். மருந்தெல்லாம் இதில் இருக்கிறது, நான் கிளம்புகிறேன் என்றேன். சுற்றிலும் அவனைப் பாராட்ட வந்தவர்கள், போட்டோ பிடிக்கிறவர்கள். இப்போதுதான் பெற்றவள் காலைக் கழுவியவன், அத்தனை பேருக்கு முன்னால் பையைத் திருப்பிக் கொடுக்க அவனால் முடியவில்லை. தெரிந்தேதான் அங்கே வைத்துக் கொடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது போனது எதுவும் தெரியாது. போன் அடித்துத்தான் விழித்தேன். தம்பி. திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

“க்கா, அம்மா பாத்ரூம் போவணும்னு சொல்லுது” என்றான். குரல் இறங்கியிருந்தது. “எப்பிடிக்கா தூக்கறது?”

முதலில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடு, தலைசுற்றல் நிற்கட்டும். அப்புறம் அக்குளில் கை கொடு, இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு, கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்ற விடாதே என்றேன். எனக்கு இதையெல்லாம் ஒருவரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து சீட்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, அவனுக்குப் புரிகிற வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன்.