அஞ்சாவது மாடு

முழங்கைவரை சாணத்துக்குள் விட்டுக் கரைத்துக்கொண்டிருக்கிறார் மருதாத்தாளக்கா. ஒரு கூடைச் சாணத்துக்கு அதே அளவு தண்ணீர். விரலில் சிக்கும் வைக்கோல், பொடிக்கல், சோளத்தட்டின் கணு எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாக எறிகிறார். தோசைமாவுப் பதம் வந்ததும் தொட்டியின் அடியில் அடைத்திருக்கும் துணிப்பந்தை உருவுகிறார். கரைசல் குளுகுளுவென்று குழாய் வழியாகக் குழிக்குள் இறங்குகிறது. "குடிச்சுக்கோ சாமி" என்கிறார். அக்காவின் வாயில் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

மலையாள நாட்டு எல்லைக்குள், வேலந்தாவளம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் அவர் வீடு. கட்டுத்தரையில் நாலு மாடுகள். கட்டுத்தரையை ஒட்டிக் கிணறுபோல ஒரு சிமெண்டுக் குழி. அதில் கவிழ்த்த இரும்பு டிரம் ஒன்று மிதக்கிறது. சாணம் உள்ளே புளித்து வாயு சேரச் சேர டிரம் மேலே ஏறும். சமையற்கட்டில் அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். இதைத்தான் அக்கா அஞ்சாவது மாடு என்கிறார்.

"நாலும் தீனி தின்னு பாலக் குடுக்குது. இது அதுங்க போட்ட சாணியக் குடிச்சுப்போட்டுத் தீயக் குடுக்குது. எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க."

தீனி ஆனதும் டிரம்மின் கைப்பிடியைப் பிடித்துக் கால் சுற்று திருப்புவார். திருப்பாவிட்டால் மேலே ஏடு கட்டிக்கொள்ளுமாம். பிறகு அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அந்த வேளையில்தான் நான் அந்த வழியாக மாரியம்மன் கோயிலுக்குப் போவது. முதலில் பார்த்தபோது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து நானும் கைகூப்பி நின்றுவிட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "அட, எத்தன வெரக்கட ஏறியிருக்குதுன்னு பாக்கறனுங்க!" ஆனால் கோயிலிலிருந்து திரும்பும்போது நான் கொடுக்கும் திருநீற்றில் நெற்றிக்கு ஒரு கீற்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டிரம்மின்மேல்தான் இடுவார்.

கட்டுத்தரைச் சுவரில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. மத்திய அரசின் சாண எரிவாயுத் திட்டத்தில் மானியத்தோடு கட்டிய குழி இது என்று மலையாளத்திலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. மூன்றில் எதையும் அக்கா வாசிக்கமாட்டார். வருகிறவர்களிடம் தன் பேர் இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுவார். "இந்த மூணாவது வரி நானுங்க." வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைத் துலக்கியதும் அதே புளியால் அந்தப் பலகையையும் ஒரு தேய் தேய்ப்பார். எழுத்து அழிந்துவிடும் என்று மருமகள் அனுப்பிரியா சத்தம் போட்டபிறகு இப்போது ஈரத்துணி மட்டும்.

அனுப்பிரியா வாழ்க்கைப்பட்டு வந்த வருசம் இந்த வீட்டில் தென்னமட்டையும் பன்னாடையும்தான் விறகு. மழைக்காலத்தில் ஊதி ஊதி அந்தப் பெண்ணுக்கு இளைப்பு வந்தது. அரசாங்கத்துச் சிலிண்டரும் வீட்டில் உண்டு. ஆனால் வண்டி சாலையோடு நின்றுவிடும், வராத வாரமும் உண்டு. அப்போதுதான் பிளாக் ஆபீசிலிருந்து ஜோமோள் என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து இந்தத் திட்டத்தைச் சொன்னார். ஊரில் யாரும் காது கொடுக்கவில்லை. சாணி நாற்றத்தில் காபியா என்று சிரித்தார்கள். அக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பொக வருமா அம்மிணி?" வராது என்றதும் கைநாட்டு வைக்க விரலை நீட்டிவிட்டார்.

இரண்டு வருசம் அடுப்பு நீலமாய் எரிந்தது. அனுப்பிரியாவின் இளைப்பு அடங்கியது. அதைப் பார்த்துத்தான் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் மெல்ல ஜோமோளிடம் பேர் கொடுத்தார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. எல்லாரும் ஒருநாள் கூடி நின்று, எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போடுகிறோம் என்றார்கள். பெரிய ஆபீசரும் வருவதாக நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பன்னிரண்டு குழியும் வேறு பஞ்சாயத்துக்குப் போய்விடும்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் பட்டிப்பொங்கல். கட்டுத்தரை நடுவில் சாணத்தால் வரப்புக் கட்டித் தெப்பக்குளம் அமைத்து, மாடுகளை மிதிக்கவிடும் நாள். வருசாவருசம் முந்தின நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோடு சரி. இந்த வருசம் ஆபீசரெல்லாம் வரப்போகிறார்களே என்று அக்காவுக்கு ஒரு பெருமை. கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து தரை முழுக்கத் தூவி, விளக்குமாறு தேயத் தேய்த்துக் கழுவினார். கட்டுத்தரை கோயில் பிரகாரம்போல வெளுத்துவிட்டது.

கழுவிய தண்ணீர் வழக்கம்போலத் தொட்டிக்குப் போய், தொட்டியிலிருந்து குழிக்குப் போனது.

மூன்றாம் நாள் அடுப்பு மஞ்சளாய்த் துடித்து அணைந்தது. டிரம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஜோமோள் ஓடிவந்து பார்த்தார். சாணத்தைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் என்றும், அத்தனையும் பவுடரில் செத்துவிட்டன என்றும் சொன்னார். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அதும் வகுத்துல நானே வெசத்த ஊத்திட்டனே!"

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க" என்றார் ஜோமோள். "பாதிக் குழிய எறைச்சுட்டு, நல்லா ஓடற வேற குழியில இருந்து கரைசல் கொண்டுவந்து ஒழிக்கணும், ஊத்தணும். அப்ப வீண்டும், மறுபடி பிடிக்கும்."

அக்கா நிமிர்ந்தார். "பாலுக்குப் பெரை ஊத்தித் தயிராக்கறாப்பல?"

"அதே, அதுதான்."

அடுத்த நாளே அக்கா பாதிக் குழியை இறைத்துவிட்டு, மீனாட்சிபுரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் பெட்டி ஆட்டோவில் போய், இருபது பெயிண்டு வாளி நிறையக் கரைசல் கொண்டுவந்தார். ஆட்டோக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். அக்கா வாளிகளோடு பின்னால் உட்கார்ந்து, ஒன்றும் சாயாமல் கையால் அணைத்தபடி வந்ததை நான் பார்த்தேன். அதன்பிறகு தினமும் கையளவு, இரண்டு கையளவு என்று பத்தியச் சோறு ஊட்டுவதுபோலத் தீனி. டிரம் அசையவில்லை.

ஆபீசர் வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது அனுப்பிரியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அத்த, பின்னாடி சிலிண்டர வெச்சு அந்த டியூப்ப இந்தக் குழாயில சொருகிட்டா ஆருக்குத் தெரியும்? ஒரு நாள்தானுங்களே."

"சாமிக்குத் தெரியும், அத உடு. என்ற பேச்ச நம்பிப் பன்னண்டு ஊட்ல குழி வெட்டுவாங்க. நாளைக்கு அதுக எரியாமப் போனா நான் ஆரு மொகத்துல முழிக்கறது கண்ணு?"

அந்த நாளும் வந்தது. டிரம் ஒரு சாண் ஏறியிருந்தது. அது எரியும் வாயுவா, வெறும் காற்றா என்று அக்காவுக்குத் தெரியாது. சோதித்துப் பார்த்துச் செலவழிக்க மனசு வரவில்லையாம். ஆபீசர், ஜோமோள், பன்னிரண்டு வீட்டுக்காரர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள் என்று சமையற்கட்டு வாசல் நெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சென்னிமலைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்க்கா, அஞ்சாவது மாடு மடி வத்திப்போச்சுன்னு கேள்விப்பட்டனே?"

அக்கா மறைக்கவில்லை. பவுடர் தூவியது, குழி செத்தது, பிரை ஊற்றியது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னார். "தப்பு குழி மேல இல்லீங்க, ஏம்மேல. நீங்க கட்டுனா கழுவுன பவுடர் தண்ணிய உள்ள உட்ராதீங்க. எரிஞ்சா எரியுது. எரியலீன்னா இன்னும் பத்து நாள்ல எரியும்."

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. யாரோ கனைத்தார்கள். மூன்றாவது குச்சியை வைத்துவிட்டு அக்கா கையை எடுத்துக்கொண்டார். சத்தமில்லை, வெளிச்சமும் இல்லை.

"எங்க எரியுது? ஒண்ணையும் காணமே" என்று சென்னிமலை குனிந்து பர்னருக்கு மேலே விரலை நீட்டினார். "அய்யோ ஆத்தா!" என்று துள்ளிக் குதித்தார். பகல் வெளிச்சத்தில் நீலத் தீ யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பால் குண்டாவை அடுப்பில் ஏற்றி, அது பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயுத் திருகைச் சட்டென்று மூடினார். "போதுமுங்க. அதுவே இப்பத்தான் எந்திரிச்சிருக்குது."

பதினொரு பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். விரலில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த சென்னிமலை, பன்னிரண்டாவதாக, இடது கையால் கோணல்மாணலாகப் போட்டார்.

இப்போது ஊரில் ஒவ்வொரு குழியாகக் கட்டி முடிகிறது. முடிந்த வீட்டுக்காரர்கள் பிரை கேட்டு அக்கா வீட்டுக்குத்தான் வருகிறார்கள். காலையில் வரச்சொல்கிறார். விளக்கு வைத்தபிறகு தருவதில்லை, தயிருக்கு உள்ள முறைதான் இதற்கும். "மொத்த ஊருக்கும் என்ற குழிதான் தாய்ப்பெரை" என்று சொல்லும்போது அவருக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டுவிடும்.

நேற்று நான் கோயிலிலிருந்து வரும்போது சென்னிமலை இரண்டு வாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். கட்டுத்தரையோரம் மொண்டுவிடும் சட்டியோடு அக்கா.

"அக்கா, கொஞ்சம் தாராளமா ஊத்துங்க. மறுக்கா மறுக்கா வர முடியாது."

"ஊத்தறன் ஊத்தறன். வெரல் ஆறிருச்சா?"

"அதெல்லாம் எப்பவோ ஆறிருச்சுங்க."

அக்கா குழியிலிருந்து கரைசல் வழியும் வெளிவாய்க்குள் சட்டியை விட்டார். பாதியில் நிறுத்தினார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சென்னிமலையின் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, முகத்தை உள்ளே விட்டு நன்றாக மோந்து பார்த்தார். பவுடர் கரைத்த வாளியோ என்னவோ. குழாயடிக்குக் கொண்டுபோய் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை அலசி, மறுபடியும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்ற ஆரம்பித்தார்.