ஜன்னல் சாத்துகிறவர்கள்

சோப்பு நுரைத்த பிரஷ்ஷை வாடிக்கையாளரின் கன்னத்திலேயே நிறுத்திவிட்டு சலூன்காரர் சுவர் டிவியைப் பார்க்கிறார். ஒற்றைத் தெரு, புழுதி. ஒருவன் குதிரையிலிருந்து இறங்குகிறான். "பாருங்க, இப்போ சாத்துவாங்க." படத்தில் வரிசையாக ஜன்னல்கள் சாத்திக்கொள்கின்றன. பிரஷ் மறுபடி நகர்கிறது.

அவருடைய சலூனில் எந்நேரமும் வெஸ்டர்ன் என்கிற கௌபாய் படம்தான். அதனால் தெருவுக்கு அவர், அந்தப் படங்களில் ஊரைக் காக்கும் அதிகாரியைப் போல, ஷெரீப். கிளாசிக் என்ற சொல்லைச் சுலபத்தில் செலவழிக்க மாட்டார். குதிரை, தொப்பி, யார் முந்திச் சுடுகிறான் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. கடைசிச் சண்டையில் ஊரே கதாநாயகனுக்குத் துணையாகத் திரண்டுவிட்டால் சேனலை மாற்றிவிடுவார். "ஊரு சேர்ந்து வந்தா அது வெஸ்டர்ன் இல்லீங்க, விளம்பரம்."

முன்பெல்லாம் அவருக்கும் குதிரைகள்தான் பிடித்திருந்தன. போன வருஷம் ஒரு மத்தியானம், கடைவாசலை மறித்து நின்ற லாரியை எடுக்கச் சொன்ன அவர் மகனை, லாரி முதலாளியின் ஆட்கள் இதே தெருவில் போட்டு அடித்தார்கள். கத்தரிக்கோலோடு ஓடியவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். திமிறிக்கொண்டே அவர் பார்த்தது, எதிர்வரிசைக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கியதை. மகன் இப்போது சலூனின் பின்னறையில் கிடக்கிறான். புரண்டு படுக்கவும் அப்பாவின் கை வேண்டும்.

ஷட்டரை இறக்கியவர்கள் எல்லோரும் இவரிடம்தான் முகம் மழித்துக்கொள்கிறார்கள். கழுத்தில் கத்தி ஓடும்போது அவர்கள் பேசுவதில்லை. இவரும் எதுவும் கேட்பதில்லை.

எதிரிலுள்ள மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான், பார்த்ததைக் கோர்ட்டில் சொல்கிறேன் என்றிருந்தார். வழக்கு நாளைக்கு. இன்று சாயங்காலம் அவர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஷெரீப் என்று கூப்பிடவில்லை. பாதி முகம் மழித்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து கடைக்கு வந்து மிரட்டிட்டுப் போனாங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

கத்தி தொண்டைமேட்டில் நின்றது. பிறகு மீதியையும் பதமாக மழித்தது.

பின்னறையிலிருந்து மகன் கேட்டான்: "அப்பா, மருந்துக்கடை மாமாவா வந்திருக்காரு?"

"இல்லப்பா. வேற யாரோ."

நாற்காலியில் இருந்தவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, வெயில் முகத்தில் அடிக்கிறது என்றார். ஷெரீப் கையிலிருந்த நுரையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய், தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.