அஞ்சலை கண்டுபிடித்த பிசிறு

மேனாம்பேட்டு அஞ்சலைக்கு வயது நாற்பத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் மூடிகள் வார்க்கும் எங்கள் கம்பெனியில் பதினான்கு வருடமாக அவள்தான் மூடிகளைப் பார்த்து அனுப்புகிறவள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். கல்யாண வீட்டில்கூடச் சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் குழம்பு ஊற்ற விடுவாள். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

அவள் பார்த்த மூடியில் தன் அடையாளமாகப் பச்சைப் பொட்டு வைப்பாள்; பார்க்கிற ஆளுக்கொரு நிறம். ஓரத்தில் உலோகப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் பொட்டு வைத்துச் சிவப்புத் தட்டில் போடுவாள். அரம் பிடிக்கும் பாபு அதை ராவி எடுத்து நேரே பெட்டியில் அடுக்கிவிடுவான். அஞ்சலை பார்த்ததை இன்னொருவர் பார்ப்பது அவளுக்கு மரியாதைக் குறைவு என்பது எங்கள் எண்ணம்.

போன மாதம் ஒரு மூடி திரும்பி வந்தது. ராவிய தடம் ஒரு பக்கம், மயிரிழை விரிசல் மறுபக்கம், நடுவில் பச்சைப் பொட்டு.

மேனேஜர் நாகேந்திரன் அவளை மேஜைக்கு அழைத்தார். காட்டுப்பாக்கம் ஃபிளாட்டிலிருந்து வருகிறவர், குரலை உயர்த்தமாட்டார். ஏற்கெனவே தட்டச்சு செய்த கடிதத்தை வாசித்தார். காரணம்: ஊழியரின் கவனக்குறைவு. நடவடிக்கை: பணிநீக்கம்.

பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கும் வேலை வேண்டும்.

அஞ்சலை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் தப்புதான் சார். பிசிறு கெட்ச்சதும் கை தட்டுக்குப் போய்ட்ச்சு. அப்பால தேடல. இன்னும் எத்தினி இந்த மாரி போய்ட்ச்சோ."

"ஒத்துக்கிட்டீங்களேம்மா, அது போதும்."

"போதாது சார். நான் பிசிறப் பாத்ததும் தேடறத நிறுத்தனேன். நீங்க என்னப் பாத்ததும் நிறுத்திட்டீங்க. நான் குந்தற எடத்துக்கு மேல பாருங்க. அந்த ட்யூப்லைட்டு மூணு மாசமா எரியல. சரசாவ வேணா கேளுங்க."

நாகேந்திரன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மேலே பார்த்தார். தினமும் நாலு தடவை அதன் கீழேதான் நடந்து போகிறவர்.

"ஆமா, எரியல" என்றார்.

அன்று மாலையே புது ட்யூப் மாட்டினார்கள். கடிதத்தில் எதையும் மாற்றவில்லை. அந்த வெளிச்சத்தில், அவள் இடத்தில், இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பொட்டு மஞ்சள்.